தேர் மாலை போட்ட படம்

சேசு மரி சூசை துணை

வில்லியனூர்,
நவம்பர் 19

அன்பு மகள் ஜாய்ஸுக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் வேளாவேளைக்குச் சோறு இறங்குகிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, காய்ச்சல் தலைவலி என்று யாரும் படுக்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதே மாதிரி இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் முகத்தைப் பார்க்கிற அப்பாவுக்குத் திடீரென்று கடிதம் எழுதுகிற பைத்தியம் ஏன் பிடித்தது என்று கேட்பாய். போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். வீட்டில் போனை எடுத்தால் பக்கத்திலேயே உன் பிள்ளை அருள் நிற்கிறான், அவன் காதில் எது விழ வேண்டும் எது விழக்கூடாது என்று எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. கழனிக்குப் போய் அங்கிருந்து கூப்பிடலாம் என்றும் நினைத்தேன், நான் பாதி சொல்வதற்குள் நீ அழ ஆரம்பித்தால் மீதியைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் கடிதம். கிருமாம்பாக்கம் நவீன்குமார் லீவு முடிந்து நாளை ஆக்லாந்துக்கு விமானம் ஏறுகிறான், அவன் பையில் போட்டு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். வேலைக்கு நடுவில் பிரிக்காதே. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

முதலில் ஊர் சமாசாரம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அதையே கேட்டுக்கொண்டிருப்பாய். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மேட்டுக் கழனி தப்பித்துக்கொண்டது, பள்ளத்துக் கழனியில் நட்ட நாற்று இரண்டு நாள் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்து இப்போதுதான் தலையைத் தூக்கியிருக்கிறது. சங்கராபரணியில் தண்ணீர் போகிறது, ஊரே போய் நின்று வேடிக்கை பார்க்கிறது. உன் தம்பி கம்பெனியில் ஷிப்டு மாற்றிவிட்டார்கள், பகலில் தூங்குகிறான், எழுப்பினால் கடிக்க வருகிறான். அவன் பெண்டாட்டி சோபனாவுக்கு முதுகுவலி பரவாயில்லை. அந்தப் பெண்ணை நான் எவ்வளவு மெச்சினாலும் தகும், சொந்தப் பிள்ளை மாதிரிதான் அருளைப் பார்த்துக்கொள்கிறாள், கீழே நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு அவள்மேல் ஒரு சொல் சொன்னாயோ, எனக்குக் கெட்ட கோபம் வரும். டீக்கடை செல்லக்கண்ணு உன் படிப்பைக் கிண்டல் செய்வதை இன்னும் விட்டபாடில்லை. போன வாரம்கூட, “இன்னா மாமா, கொழந்தைக்கு மூக்கு தொடைக்க ஃபாரின்ல டெக்னிகல் காலேஜா? எங்கூட்டுக்காரி எட்டாவது தாண்டல, மூணு பெத்து வளத்துட்டா” என்று கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். “அந்த மூணுல ஒண்ணாவது நீ கூப்ட்டா திரும்பிப் பாக்குதாடா?” என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்து முடித்தேன். டீ நன்றாகத்தான் போடுகிறான், வாய்தான் ஆகாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ சொன்ன வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. “யார் யாரோ பெத்த புள்ளைங்கள எப்படிப் பாத்துக்கணும்னு படிக்கிறேம்பா, நான் பெத்தது என் மூஞ்சக்கூட பாக்க மாட்டேங்குது. பிப்ரவரில காலேஜ் தொறந்தா நான் போகமாட்டேன், டிக்கெட் போட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அன்றைக்கு நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செப்டம்பரில் நம் தெரு வேளாங்கண்ணி மாதா தேர்த் திருவிழா முடிந்ததிலிருந்து அருள் உன் போனுக்கு வருவதில்லை என்பது உனக்கே தெரியும். மணி அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். சோபனா இழுத்து வந்து மடியில் வைத்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். தூக்கம் வருகிறது, வெட்கப்படுகிறான், பல் வலிக்கிறது என்று நாங்கள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பொய் சொன்னோம். விட்டுவிட்டுப் போனதற்குக் கோபம் என்று நீ நினைத்தாய். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அது இல்லை, பாப்பா. நடந்தது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும்.

அதைச் சொல்லும் முன் ஒன்று. ஜூன் மாதம் உன் காலேஜில் ஏதோ வீட்டுப்பாடம் கொடுத்தார்களே, ஒரு பிள்ளை விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து அதை எழுதிக்கொடுக்க வேண்டும் என்று. அருள் என்ன செய்கிறான் என்று சும்மா என்னைக் கேட்டாய். நல்ல பிள்ளை, கொஞ்சம் வால், மாமனைப் போலச் சோம்பேறி என்று நான் சொன்னேன். நீ சிரித்துவிட்டு, “அப்பா, அது நீங்க நெனச்சது. உங்க கண்ணு இன்னா பாத்துச்சோ அத மட்டும் சொல்லுங்க. நல்லவன் கெட்டவன்லாம் வேணாம். அவன் இன்னா பண்ணான், இன்னா சொன்னான், அவ்ளோதான்” என்றாய். இது ஒரு படிப்பா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது உண்மை. இப்போது அதே மாதிரிதான் சொல்லப் பார்க்கிறேன். நடுவில் என் புத்தி தலையை நீட்டினால் பொறுத்துக்கொள்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் நானும் அருளும் போய் உன் அம்மா கல்லறையில் புல்லைப் பிடுங்கி, கழுவி, சுண்ணாம்பு அடித்தோம். அவன் சின்னச் சொம்பில் தண்ணீர் மொண்டு மொண்டு கொடுத்தான், பாதியைத் தன் கால்மேல் ஊற்றிக்கொண்டான். திருநாள் அன்றைக்குச் சாயங்காலம் தூறலாக இருந்தது. சாமியார் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு போனார். நாங்கள் உன் அம்மாவுக்குச் சாமந்தியும் கோழிக்கொண்டையும் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, செபம் சொல்லி முடித்தோம். ஒரு மெழுகுவர்த்தி மீந்தது, அதை ஏற்றித் தரச் சொல்லி அருள் கையை நீட்டினான், சோபனா ஏற்றிக் கொடுத்தாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, “தாத்தா, எங்கம்மாது எது?” என்று கேட்டான். எனக்கு விளங்கவில்லை. “இதோ இதுதாண்டா உங்க ஆயாது, இப்பதான கும்ட்ட?” என்றேன். “ஆயாது இல்ல. எங்கம்மாது” என்றான்.

என் கை ஓங்கிவிட்டது, ஜாய்ஸ். உயிரோடு இருக்கிற பெண்ணை, அதுவும் கல்லறைத் தோட்டத்தில், அந்த நாளில், அப்படிச் சொன்னால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? வாயிலேயே ஒன்று வைப்போம். அதைத்தான் செய்யப்போனேன். அப்போதுதான் கண் என்ன பார்த்ததோ அதை மட்டும் என்று நீ சொன்னது எங்கிருந்தோ ஞாபகம் வந்தது. ஓங்கிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன். அவன் அழவில்லை. குறும்பும் செய்யவில்லை. குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்பது போலத்தான் கேட்டான். மெழுகு உருகி அவன் கட்டைவிரலில் விழுந்திருந்தது, அதைக்கூடத் தட்டிவிடாமல் நான் பதில் சொல்வதற்காக நின்றான். நான் சொல்லவில்லை என்றதும் அவனே நடந்து போய்த் தேட ஆரம்பித்தான். வரிசைக் கடைசியில் ஒரு புது மண்மேடு, இன்னும் சிலுவையோ பெயரோ நடவில்லை, பூவும் இல்லை. அதன் முன்னால் குந்திக்கொண்டு மெழுகுவர்த்தியை ஊன்றினான், நிற்கவில்லை. விரலால் மண்ணைத் தோண்டி மறுபடியும் ஊன்றினான். காற்று அடித்ததும் இரண்டு கையையும் குவித்து மறைத்துக்கொண்டான். தோள் இடம் வலம் மாற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான். அப்புறம் குனிந்து, வீட்டில் படத்துக்குக் கொடுப்பானே அதே மாதிரி, அந்த ஈர மண்ணுக்கு ஒரு முத்தம் கொடுத்தான். எழுந்து வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு, “வாங்க போலாம், பசிக்குது” என்றான். உதட்டில் மண் ஒட்டியிருந்தது. சோபனா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். உன் அம்மாவைப் புதைத்த அன்றைக்குக்கூட நான் அப்படி ஆடிப்போகவில்லை. அழாதே, மேலே படி.

வீட்டுக்கு வந்து அவனுக்குச் சாப்பாடு கொடுத்து, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். நான் எப்போதும் நாற்காலியில் உட்காருகிறவன், அந்தச் சுவரை அப்படிப் பார்த்ததே இல்லை. நடுவில் மாதா. இந்தப் பக்கம் மாலை போட்ட உன் அம்மா படம், கீழே சிவப்பு பல்பு. அந்தப் பக்கம் உன் படம். நீ போன பிறகு, பிள்ளைக்கு அம்மா முகம் மறந்துவிடக்கூடாது என்று சோபனாதான் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டினாள். தினமும் செபமாலை முடிந்ததும் மாதாவுக்கு முத்தம், ஆயாவுக்கு முத்தம், அம்மாவுக்கு முத்தம் என்று பழக்கினோம். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டால், “சாமிகிட்ட கேளு, சாமி அனுப்புவாரு” என்று சொன்னோம். திருவிழா அன்றைக்குத் தேரில் மாதாவுக்குப் போட்ட மாலை ஒன்று என் கைக்குக் கிடைத்தது. தேர் மாலை லேசில் கிடைக்குமா? எத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்கள். உனக்கு அந்த வாரம் பரீட்சை, மாதா கூட இருக்கட்டும் என்று அதை நான்தான் ஆசையாக உன் படத்துக்குப் போட்டேன். திருவிழாவுக்கு வாங்கிய சீரியல் லைட்டை உன் தம்பி இரண்டு படத்துக்கும் சேர்த்து இழுத்துக் கட்டினான். வந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். தேர் மாலை வேறு, சாவு மாலை வேறு என்று நமக்குத் தெரியும். நாலு வயசுப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? ஆயா படத்தில் லைட் எரிகிறது, ஆயா மோட்சத்தில் சாமியிடம் இருக்கிறாள். அம்மா படத்தில் லைட் எரிகிறது, மாலையும் போட்டாகிவிட்டது, அம்மாவையும் சாமிதான் அனுப்ப வேண்டும். அவன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

மறுநாள் அங்கன்வாடிக்குப் போய் டீச்சர் செல்வகுமாரியிடம் கேட்டேன். அந்த அம்மா பாகூர் பக்கத்திலிருந்து அக்டோபரில்தான் மாற்றலாகி வந்தவர், நம் வீட்டு விவரம் தெரியாது. நான் பேச ஆரம்பித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அய்யோ, அம்மா எங்கன்னு கேட்டா சாமிகிட்டன்னு தாங்க சொல்லுவான். நான் அத நெசம்னு நெனச்சி, பாவம் தாயில்லாப் புள்ளன்னு தெனமும் ரெண்டு கரண்டி சுண்டல் சேத்துப் போட்டுனு இருந்தேங்க” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இவன் ஏன் ஒரே மாதத்தில் இப்படிக் குண்டாகிவிட்டான் என்று சோபனா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போன் விஷயத்துக்கும் அன்று சாயங்காலமே காரணம் தெரிந்தது. ஆற்றுத் தண்ணீர் காட்ட அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, பெரிதாகக் கேட்காமல், போனில் பேசுவது யாருடா என்றேன். தெரியாது என்றான். அப்புறம் அவனாகவே, “ஆயா போன்ல வரமாட்டாங்க. செத்தவங்க வரமாட்டாங்க. அது அம்மா மூஞ்சி வச்சினு இருக்குது. அதுக்குக் காலே இல்ல” என்றான். பேய்க்குக் கால் இருக்காது என்று எந்தப் பிள்ளை சொல்லிக்கொடுத்ததோ. நீயும் ஒரு நாளாவது கழுத்துக்குக் கீழே காட்டியிருக்கிறாயா? இத்தனை நாளும் அவன் கட்டிலுக்கு அடியில் போனது கோபத்தில் இல்லை, பயத்தில். அம்மாவின் முகத்தை வைத்துக்கொண்டு எதுவோ வருகிறது என்ற பயம். அந்தப் பயத்தில்தான் நாங்கள் சாக்லேட் காட்டி அவனை இழுத்து உட்காரவைத்தோம்.

மாலையைக் கழற்றி, உன் படத்தை இறக்கி, அலமாரியில் வைத்தோம். உங்க அம்மா உயிரோடு இருக்கிறாள், படிக்கிறாள் என்று நான் சொன்னேன், சோபனா சொன்னாள், உன் தம்பி தூக்கத்திலிருந்து எழுந்து வந்து சொன்னான். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். ஆனாலும் மணி அடித்தால் கட்டிலுக்கு அடியில்தான். அந்த டீச்சர்தான் சொன்னார், பெரியவர்கள் எது சொன்னாலும் தலையாட்டத்தான் செய்வான், அவனுக்கே படவேண்டும் என்று. எப்படிப் படும் என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது நவீன்குமார் அருளுக்கு நீ கொடுத்தனுப்பிய ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. வந்து உட்கார்ந்ததும் உன்னைப் பற்றித்தான் பேச்சு. புறப்படுவதற்கு முன்னால் உங்கள் வீட்டில் சாப்பிட்டேன், சாம்பார் அடிபிடித்திருந்தது, அக்காவிடம் சொல்லவில்லை என்று சொல்லிச் சிரித்தான். அருள் சுவரோரமாக வந்து நின்றான். “எங்க சாப்ட்ட? மோட்சத்துலயா?” என்று கேட்டான். நவீன் பயந்துபோய், “இன்னாடா மோட்சம்? பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துலடா உங்க வூடு” என்றான். நான் கண்ணைக் காட்டினேன், சும்மா இரு, அவன் கேட்கட்டும் என்று. “எங்கம்மாக்குக் கால் இருந்துச்சா?” என்றான். நவீன் என்னைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், நல்ல புத்தியுள்ள பையன், சிரிக்கவில்லை. “இருந்துதே. சாக்ஸ் போட்டுனு இருந்தாங்க. ஒண்ணு நீலம், ஒண்ணு கறுப்பு. உங்கப்பா ஷூவோட உள்ள வந்துட்டாருன்னு அந்தக் காலோட ஓடி வந்து திட்டுனாங்க” என்றான்.

அருள் போய் ஜாக்கெட்டை எடுத்தான். ஜாக்கெட்டின் ஜிப்பை ஏற்றினான், இறக்கினான். மோட்சத்தில் இருப்பவர்கள் சாம்பாரை அடிபிடிக்க விடமாட்டார்கள், ஜோடி இல்லாத சாக்ஸ் போடமாட்டார்கள் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். இது நான் நினைப்பது, கண் பார்த்தது இல்லை, விட்டுவிடு. கண் பார்த்தது என்னவென்றால், அவன் முகம் மெதுவாகச் சிவந்தது. என்னிடம் வந்து என் முழங்காலை ஓங்கி ஒரு அடி அடித்து, “அப்போ ஏன் வரல?” என்றான். நவீன் தலையைக் குனிந்துகொண்டான். படிப்பு என்று சொல்லலாம், சம்பாத்தியம் என்று சொல்லலாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை, குழந்தைகள் மையத்தில் விட்டால் உங்கள் இரண்டு பேர் சம்பளமும் பத்தாது, அதனால்தான் விட்டுப்போனார்கள் என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான், எனக்கே சொல்லிச் சொல்லிப் பழகின உண்மை. அவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எனக்குத் தெரியாதுடா, உங்கம்மாவைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது, இன்றைக்கும் வரவில்லையா அப்பா என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினாய். வந்திருந்தான். நீ பேசி முடிக்கும்வரை போனுக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில், சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றான். கட்டிலுக்கு அடியில் போகவில்லை. நீ மாப்பிள்ளையைக் கூப்பிட்ட சத்தத்துக்குக் கழுத்தை நீட்டினான். ஒரு தடவை பக்கவாட்டில் வந்து, போனின் கீழ் ஓரத்தில் கண்ணை வைத்து எதையோ தேடினான். சொல்லிவிடலாம் என்று எனக்கு வாய் துறுதுறு என்றது. சொன்னால் ஓடிவிடுவான் என்று பேசாமல் இருந்தேன்.

இப்போது உன் படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். நீ வரவேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தால் வாசலில் முதல் ஆளாக நான் நிற்பேன், அது உன் வீடு, யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை என்னை மறந்துவிட்டான், இந்தப் படிப்பால் என்ன பிரயோசனம் என்று அழுதுகொண்டு வராதே, அது பொய். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் என் கை இறங்கியதற்கு அந்தப் படிப்புதான் காரணம். நீ அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையை எனக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் அடித்திருப்பேன், அவன் வாயை மூடிக்கொண்டிருப்பான், அம்மா செத்துப்போனாள் என்பதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வளர்ந்திருப்பான். நாங்களும் பிள்ளை அடங்கிவிட்டான் என்று சந்தோஷப்பட்டிருப்போம். பி.காம் படித்த பெண் பிள்ளை பார்க்கிற ஆயா வேலைக்குப் படிக்கிறாளே என்று நானும் ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தவன்தான். இனிமேல் செல்லக்கண்ணு வாயைத் திறந்தால் அவனுக்கு வேறு பதில் வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு வருஷம்தானே, முடி. நடுவில் உன்னால் பிள்ளையைப் பிரிந்து இருக்க முடியாது என்றால் அதற்கும் வழி யோசித்தேன். எனக்கும் அருளுக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடச் சொல்லி உன் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அறுவடை முடிந்ததும் நான் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ பிராக்டிகலுக்குப் போகிற மாதங்களில் நான் அவனோடு இருக்கிறேன், எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், சாம்பாரை அடிபிடிக்காமல் வைக்கவும் தெரியும். வேளாங்கண்ணியைத் தாண்டாதவன் என்று சிரிக்காதே. விசா கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் பாடு, கேட்பது நம் பாடு. உனக்கு இது சரியில்லை என்று பட்டால் தாராளமாகச் சொல், நான் முறுக்கிக்கொள்ள மாட்டேன்.

நவீன் பையில் எலுமிச்சை ஊறுகாயும், சோபனா இடித்த மிளகாய்த்தூளும், கொஞ்சம் முறுக்கும் இருக்கிறது. ஊறுகாயை மூன்று பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டியிருக்கிறேன், இருந்தாலும் வாங்கியதும் பார். தலை ஈரத்தோடு குளிரில் வெளியே போகாதே. மாப்பிள்ளை குடோனில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வருகிற மனுஷர், அவர் ஷூவோடு உள்ளே வந்தால் வரட்டும், அதற்காகக் கத்தாதே, நீ கத்துவது கிருமாம்பாக்கம்வரை வந்துவிட்டது. அவருக்கு என் அன்பைச் சொல். ஜோடி சேர்த்துச் சாக்ஸ் வாங்கு, ஆனால் இந்த வாரம் வேண்டாம், இருப்பதையே போட்டுக்கொள். சர்வேசுரன் உங்கள் இரண்டு பேருக்கும் நல்ல உடம்பும், விடிந்து எழுந்தால் ஓடத் தெம்பும் கொடுக்கட்டும். மாதா உன் கையைப் பிடித்துக்கொண்டு நடத்தட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போனைத் தரையில், அவன் உயரத்துக்குச் சாய்த்து வைக்கிறேன். கூப்பிடு. கூப்பிட்டதும் முகத்தைக் காட்டாதே, முதலில் காலைக் காட்டு. நாலு அடி நட. அப்புறம் மெதுவாக முகத்துக்கு வா. ஏன் வரவில்லை என்று கேட்பான், அழாமல், உள்ளதை உள்ளபடி அவனுக்குப் புரிகிற மாதிரி சொல், அதற்குத்தானே படிக்கிறாய். செத்துப்போன அம்மாமேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பசிக்கிறது என்று வந்துவிட்டான். இப்போது உன்மேல் அவனுக்கு அவ்வளவு கோபம், பாப்பா. இந்த வருஷம் இந்த வீட்டுக்கு வந்த நல்ல செய்தி அதுதான்.

இப்படிக்கு
உன் அப்பா
மரியதாஸ்